சோகை மாத்திரையும் குளுக்கோஸ் கரைசலும்: தாமிரபரணிப் படுகையில் கருவுற்ற தாயின் ஊட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற தாயின் உணவு குறித்த அறிவியல் ஆய்வு சென்னை மாகாணத்தில் 1929-இல் குன்னூரில் சோகையை முன்னிட்டுத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னையில் அதே தாயின் இரத்தச் சர்க்கரை ஆராயப்பட்டது. குறைபாட்டைப் பற்றிய ஆய்வும் மிகையைப் பற்றிய ஆய்வும் தனித்தனி நிறுவனங்களில் வளர்ந்து, தனித்தனித் திட்டங்களாகக் கிராமத்தை அடைந்தன. அவை ஒன்றையொன்று அறியாமல் வந்தமையால் விளைந்த இடர்களைத் தாமிரபரணிப் படுகையின் உணவு வரலாற்றுப் பின்புலத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கர்ப்பகால நீரிழிவு, நஞ்சுக்கொடி, சோகை, ஃபோலிக் அமிலம், தாமிரபரணி, கருப்பட்டி, லூசி வில்ஸ், சேஷையா.

முன்னுரை

தாமிரபரணிக் கரையின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கருவுற்ற பெண்ணுக்கு இரண்டு பொருள்கள் வழங்கப்படுகின்றன. ஒன்று, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை. மற்றொன்று, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர். முதலாவது, அவள் உடலில் ஏதோ குறைகிறது என்னும் கருத்தின் விளைவு. இரண்டாவது, ஏதோ மிகுந்திருக்கலாம் என்னும் ஐயத்தின் விளைவு. ஒரே செவிலியர் ஒரே நாளில் இரண்டையும் கொடுப்பதால் இவை ஒரே சிந்தனையில் பிறந்தவை போலத் தோன்றும். உண்மையில் இவற்றுக்கிடையே முக்கால் நூற்றாண்டு இடைவெளி உண்டு. கருவுற்ற தாயைப் பசித்தவளாக மட்டுமே கண்ட பார்வை நெடுங்காலம் நிலைத்தமையால்தான் அவளது நீரிழிவு தாமதமாகக் கண்டறியப்பட்டது என்பதும், நீரிழிவைக் கண்டபின் பழைய குறைபாடு தீர்ந்துவிட்டதெனக் கருதுவது அதே அளவு பிழையாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நஞ்சு என்னும் பெயர்

தாயின் இரத்தத்திலிருந்து சேய்க்கு உணவைக் கடத்தும் உறுப்பைத் தமிழ் மக்கள் நஞ்சு, நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி எனக் குறிப்பர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சூல்வித்தகம் என்றும், தமிழகப் பாடநூல்கள் தாய்சேய் இணைப்புத் திசு என்றும் வழங்குகின்றன. உயிரூட்டும் உறுப்புக்கு நஞ்சு என்னும் பெயர் அமைந்தது வியப்பாகத் தோன்றலாம். பிள்ளை பிறந்தபின் அது முழுமையாக வெளிவராவிடில் தாயின் உயிருக்கே ஊறு நேரும் என்பதை மருத்துவச்சிகள் நன்கு அறிந்திருந்தனர். பெயர்க் காரணம் அதுவாகவே இருத்தல் கூடும். மனித நஞ்சு மண்ணில் புதைக்கப்படும். பசு ஈன்ற இளங்கொடியோ வைக்கோலில் பொதியப்பட்டு, பால் வடியும் ஆலமரக் கிளையில் கட்டப்படும். கொடிக்கும் பாலுக்கும், அதாவது கருவுக்குள் ஊட்டத்திற்கும் கருவுக்கு வெளியே ஊட்டத்திற்கும், தொடர்பு உண்டென்னும் எண்ணம் இவ்வழக்கத்தில் புலப்படுகிறது.

மருத்துவ அறிவியலும் இவ்வுறுப்பை நெடுங்காலம் பிறப்பின் கழிவாகவே கருதிற்று. 1922-இல் இன்சுலின் மருத்துவப் பயன்பாட்டுக்கு வருவதற்குமுன் நீரிழிவுடைய பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றால் தாயோ சேயோ பிழைப்பது அதனினும் அரிது. இன்சுலினுக்குப் பின் தாய்மார் பிழைத்தனர். ஆனால் அவர்கள் ஈன்ற குழந்தைகள் அளவுக்கு மீறிப் பருத்தும், பிறந்த சில மணிநேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து துவண்டும் போயின. கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் இதற்கு விளக்கம் தந்தார். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது; தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே மிகையாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சேயின் கணையமே மிகையான இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து உடலைப் பருக்கச் செய்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிட, சுரப்பு மட்டும் தொடர்கிறது.

நஞ்சுக்கொடி வெறும் குழாயன்று. அது சுரக்கும் இயக்குநீர்கள் தாயின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. தாய் பயன்படுத்தாத சர்க்கரை சேய்க்குக் கிடைப்பதற்கான ஏற்பாடு இது. தாயின் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரக்குமானால் சிக்கலில்லை. ஈடுகொடுக்க இயலாதபோது கர்ப்பகால நீரிழிவு தோன்றுகிறது. குளுக்கோஸ் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குத் தானாகவே செல்லும். அமினோ அமிலங்கள், இரும்பு, ஃபோலேட், பி12 ஆகியன அவ்வாறு செல்வதில்லை; நஞ்சுக்கொடி அவற்றை ஆற்றல் செலவிட்டும் தனிக் கடத்திகளைக் கொண்டும் எடுத்துச் செல்கிறது.

சோகையும் சர்க்கரையும் உடலுக்குள் சந்திக்கும் இடமும் இதுவே. மிகை இன்சுலின் சேயின் வளர்சிதை மாற்றத்தைத் தூண்டுகிறது. உயிர்வளித் தேவை கூடுகிறது. நீரிழிவால் பெரிதாகியும் முதிர்ச்சி குன்றியும் இருக்கும் நஞ்சுக்கொடியால் அத்தேவையை முழுமையாக நிறைவேற்ற இயலாதபோது, சேய் கூடுதலான சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிவப்பணுவுக்கு இரும்பு வேண்டும். வரும் இரும்பு போதாவிடில் கல்லீரலிலும், ஏன், மூளையிலும் இருக்க வேண்டிய இரும்பு சிவப்பணுக்களுக்குத் திருப்பப்படுகிறது. நீரிழிவுத் தாயின் குழந்தை கொழுகொழுவெனப் பிறந்தும் இரும்புச் சேமிப்புக் குன்றியதாக இருப்பதன் காரணம் இதுதான். தாயும் சோகையுடையவளானால் நிலைமை இன்னும் இடராகும். பெரிய பிள்ளை பெற்றவள் என்று ஊர் மெச்சும் தாயின் குழந்தைக்குள் இத்தகைய பஞ்சம் இருக்கக்கூடும் என்பதைக் கண்ணால் கண்டறிய வழியில்லை.

ஆற்று நிலமும் தேரி நிலமும்

பொதிகையில் தோன்றிப் புன்னக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. கார், பிசானம் என இரு போகம் நெல் விளைவது இப்படுகையின் சிறப்பு. உழுகூலியும் அறுப்புக்கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்டமையால் வயல் உடையோர்க்கும் இல்லாதோர்க்கும் சோறே உணவு, அளவில்தான் வேறுபாடு.

ஆற்றிலிருந்து தெற்கே விலகினால் சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பகுதிகளின் செம்மணல் தேரி வருகிறது. அங்கே பனையே வாழ்வு. பதநீரும், அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியும் பனையேறிக் குடும்பங்களுக்கு ஆண்டின் பல மாதங்களில் உணவாகவே விளங்கின. வடக்கே கோவில்பட்டிக் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்தன. கிழக்கே கடற்கரையிலிருந்து மீனும் கருவாடும் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தன. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இந்நிலங்கள் அனைத்தும் ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்தன. ஆயினும் அவற்றின் உணவு ஒன்றாக இருந்ததில்லை.

இவ்வட்டாரத்தில் பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கப்படும் உளுந்தங்களி இவ்வேறுபாடுகளை ஒரு சட்டியில் இணைக்கிறது. தோலுடன் வறுத்து அரைத்த கறுப்பு உளுந்து, அரிசி, கருப்பட்டி, நல்லெண்ணெய் ஆகியன சேர்ந்த களி அது. உளுந்து புரதத்தையும் ஃபோலேட்டையும் ஓரளவு இரும்பையும் தருகிறது. ஊட்டம் குறைந்த உடலுக்கு இதைவிடச் செறிவான உணவைக் கிராமத்துச் சமையலறையில் தேடுவது கடினம். ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதில் கனிமங்கள் உள்ளன என்பது மெய். ஆகவே நீரிழிவுக்காரருக்கு அது தீங்கு செய்யாது என்று பரவலாக நம்பப்படுவது மெய்யன்று. குருதியில் சேர்ந்தபின் கரும்புச் சர்க்கரைக்கும் பனஞ்சர்க்கரைக்கும் வேறுபாடு காண உடலுக்கு வழியில்லை. பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை, உளுந்தங்களியிலும் இல்லை. கருவாடும் மீனும் வாங்க முடிந்த வீடுகளிலும், பால் மிகுதியாகப் புழங்கிய வீடுகளிலும் அது கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று நிலங்களின் உணவும் ஒன்றாயின. ஆலையில் தீட்டிய அரிசி உரலையும் உலக்கையையும் அகற்றிற்று. பொது வினியோகக் கடை அந்த அரிசியைத் தேரிக்கும் கரிசலுக்கும் கொண்டு சென்றது. பஞ்சத்தை அறிந்த மக்களுக்கு அரிசி உறுதியானது பெரும் பேறு. அதைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. கம்பும் குதிரைவாலியும் தட்டிலிருந்து விலகின, உடலுழைப்பும் குறைந்தது. 2009-இல் வெளியான சென்னை ஆய்வொன்று நகர மக்களின் உணவாற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வருவதைக் காட்டியது. இன்று நெல்லைச் சீமையின் கிராமத் தட்டும் அத்தட்டிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

குன்னூரில் ஓர் ஆராய்ச்சி

1928-இல் லண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்னும் மருத்துவர் பம்பாய் வந்தார். பெண்கள் மருத்துவப் பணியைச் சேர்ந்த மார்கரெட் பால்ஃபரின் தூண்டுதலால் வந்த அவர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய கடுஞ்சோகையை ஆராய்ந்தார். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்ட சோகை அது. நோய்க்கிருமியைத் தேடிய அக்கால வழக்கத்தினின்று விலகி, வில்ஸ் பெண்களின் உணவைக் கணக்கெடுத்தார். 1929-இல் ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாறியது. அங்கே ராபர்ட் மெக்காரிசன் இந்திய வட்டார உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டு வந்தார். சென்னை மாகாணத்து அரிசியுணவு அவ்வொப்பீட்டில் தாழ்ந்த இடத்தையே பெற்றது.

எலிச் சோதனைகள் வில்ஸுக்கு எளிதில் பயன்தரவில்லை. எலிகளின் சோகைக்கு அவற்றைப் பற்றிய தொற்றும் காரணமாயிற்று. குரங்குகளில் நடத்திய சோதனையே வழியைக் காட்டியது. மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட் கொடுத்ததும் சோகையுற்ற குரங்கு தேறியது. 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையில், இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், கருவுற்ற பெண்களுக்கு அதையே கொடுத்தார். அவ்வாண்டு ஜூனில் முடிவுகள் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயின. மார்மைட்டில் இருந்த, அதுவரை பெயரறியாத பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. தூய்மைப்படுத்திய ஈரல் சாறு இந்தச் சோகையைத் தீர்ப்பதில்லை, தூய்மைப்படுத்தாத சாறே தீர்க்கிறது என்பதையும் வில்ஸும் உடனாய்வாளர்களும் பின்னர் காட்டினர். ஃபோலேட்டும் பி12-உம் வெவ்வேறு என்பதற்கான முதற்சான்றுகளுள் ஒன்று அது.

இப்பொருள் 1940-களின் நடுவில் அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கோஷா மருத்துவமனையில் மெய்ப்பிக்கப்பட்ட காரணியை மாத்திரையாக்கியதில் சென்னை மாணவர் ஒருவருக்குப் பங்கு அமைந்தது. 1970-இல் நடுவண் அரசு தொடங்கிய ஊட்டக்குறைச் சோகைத் தடுப்புத் திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை நூறு நாள் வழங்க வகை செய்யப்பட்டது. பி12 அதில் இடம்பெறவில்லை.

நீர் முதல் குருதி வரை

நீரிழிவு, மதுமேகம் ஆகிய சொற்கள் சித்த மருத்துவத்திற்குப் புதியனவல்ல. 1964-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி அம்மரபைப் பாடமாக்கியது. எறும்பு மொய்க்கும் சிறுநீர் பழைய அடையாளம். கர்ப்பகால நீரிழிவுக்கு அவ்வடையாளம் பொருந்தாது. கருவுற்ற காலத்தில் சிறுநீரகத்தின் சர்க்கரைத் தடை தாழ்வதால், நோயற்றவளின் சிறுநீரிலும் சர்க்கரை தென்படக்கூடும். நோயுடையவளோ பெரும்பாலும் எவ்வறிகுறியுமின்றி நடமாடுவாள். குருதியைச் சோதித்தாலன்றி அறிய முடியாத நோய் இது.

பாஸ்டன் மருத்துவர் ஓ'சல்லிவன் 1964-இல் வகுத்த அளவுகோல் மேலைநாட்டுப் பெண்களுக்குரியது. இந்தியாவில் அதற்குரிய ஆய்வைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் நீரிழிவுக்கெனத் தனித் துறை நிறுவிய வி. சேஷையா முன்னெடுத்தார். 2004-இல் வெளியான பல நகர ஆய்வு, கருவுற்ற பெண்களில் 16.55 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. அதைத் தொடர்ந்து சென்னை மாநகரிலும் சைதாப்பேட்டை, திருவள்ளூர் சுகாதார மாவட்டங்களிலும் 12,000-க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். நகரில் 17.8, நகர்ப்புறம் சார்ந்த பகுதியில் 13.8, ஊரகத்தில் 9.9 விழுக்காடு. இம்முடிவுகளில் நகரத்து எண் பெரிதும் பேசப்பட்டது. வியப்புக்குரியது ஊரகத்து எண்ணே. பசித்தவளாக மட்டும் கருதப்பட்ட கிராமத்துத் தாய்மாருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை மிகுந்திருந்தது. 2007-இல் தமிழக அரசு கருவுற்ற அனைவரையும் சோதிக்க ஆணையிட்டது. சென்னையைச் சூழ்ந்த பகுதிகளின் எண்களைக் கொண்டு பிறந்த ஆணை, பாபநாசம் முதல் திருச்செந்தூர் வரை எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் பொருந்தியது. 2014-இல் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளும் இம்முறையை ஏற்றன.

சோதனை முறை எளியது. உண்ட நேரத்தைப் பொருட்படுத்தாமல் 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணிநேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உண்டு. வெறும் வயிற்றுடன் மறுநாள் வருமாறு சொன்னால், பேருந்தேறித் தொலைவிலிருந்து வரும் பெண் வரமாட்டாள் என்னும் நடைமுறை அறிவு இதன் அடிப்படை. சென்னையிலேயே வி. மோகன் தலைமையிலான ஆய்வாளர்கள் இதை மறுத்தனர்: உண்டபின் செய்யும் சோதனை, பன்னாட்டு அளவுகோலின்படி நோயுடையோர் பலரைத் தவறவிடுகிறது என்பது அவர்களின் ஒப்பீட்டு முடிவு. நுட்பத்தில் மறுப்பாளர் பக்கம் வலுவுண்டு. எனினும் செய்யப்படாத நுட்பமான சோதனையைவிடச் செய்யப்படும் எளிய சோதனை சிலரையாவது கண்டுபிடிக்கும்; ஊரகத்தைப் பொறுத்தவரை சேஷையாவின் தெரிவு ஏற்கத்தக்கதே.

இரு திட்டங்களின் சந்திப்பு

குறைபாடும் மிகையும் தனித்தனி நோய்களல்ல என்பதற்கான சான்று தமிழகத்திற்கு வெளியே, மைசூரிலும் புணேயிலும் கிடைத்தது. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்பு எடைக் குறிப்புகளைப் பேணி வந்த மிஷன் மருத்துவமனை. அங்குக் கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வின் 2009-ஆம் ஆண்டு முடிவுகளின்படி, அவர்களுள் 43 விழுக்காட்டினருக்கு பி12 குறைபாடு இருந்தது. ஃபோலேட் குறைந்தவர் 4 விழுக்காடே. பி12 குறைந்தோரிடம் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது. உடற்பருமனைக் கணக்கிட்டபின் அத்தொடர்பு வலுக்குறைந்தது. பி12 குறைந்தோருக்குள்ளும் ஃபோலேட் மிகுந்தவரிடம் நீரிழிவு மிகுந்திருந்தது. 2008-இல் வெளியான புணே ஆய்வில், பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளே ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தோராக இருந்தனர். இவை தொடர்பைக் காட்டுவன. காரணத்தை நிறுவுவன அல்ல. ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த இவற்றைச் சான்றாகக் கொள்வது பெரும்பிழை: அது கருவின் நரம்புக்குழல் குறைபாட்டைத் தடுக்கிறது என்பது 1991-இலேயே ஐயமற நிறுவப்பட்டது. மாத்திரையில் பி12-உம் சேர வேண்டுமா என்பதே எஞ்சும் வினா. வில்ஸ் பிரித்தறிந்த இரு பொருள்களுள் ஒன்று மட்டுமே திட்டத்திற்குள் வந்தது.

இதனினும் கண்கூடான முரண் ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் உதவியின் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வழங்கப்பட்டது. பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து ஆகியன அதில் இடம்பெற்றன. சோகைக்கு எதிரான பெட்டகம் அது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலும் தமிழகத்துக் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சோகையுடையோர் என்பதால் அதன் தேவையை மறுக்க இயலாது. ஆனால் குளுக்கோஸ் சோதனையில் நோய் உறுதியான பெண்ணுக்கும் இனிப்பான பேரீச்சம்பழம் அதே பெட்டகத்தில்தான் செல்கிறது. அவளுக்கு அறிவுறுத்தப்படும் முதல் மருத்துவமோ உணவுக் கட்டுப்பாடு. இரு வாரம் அதைக் கடைப்பிடித்தும் சர்க்கரை தணியாவிட்டால்தான் மருந்து. கட்டுப்பாடு என்றதும் பல வீடுகளில் உணவு முழுவதும் குறைக்கப்படுகிறது. உளுந்தும் முட்டையும் மீனும்கூடக் குறைகின்றன. பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினம் என்று குறைத்துண்ணும் பழைய வழக்கமும் இதற்குத் துணையாகிறது. குறைக்க வேண்டியது சோற்றையும் கருப்பட்டியையும். கூட்ட வேண்டியது புரதத்தையும் கீரையையும். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லக் கூடியவர் கிராம சுகாதார செவிலியர் ஒருவரே.

அச்செவிலியரின் பணியும் நெல்லைச் சீமையின் உறவுமுறையால் துண்டுபடுகிறது. வழிகாட்டு நெறிகள் சோதனையை முதல் வருகையிலும், மீண்டும் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் செய்யச் சொல்கின்றன. இரண்டாம் சோதனையின் காலம் ஆறு, ஏழாம் மாதம். முதற்பிரசவமாயின் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ சீமந்தம் முடிந்து பெண் தாய்வீடு செல்வாள். அம்பாசமுத்திரத்துச் செவிலியர் நோயைக் கண்டறிகிறார். உணவைக் கண்காணிக்க வேண்டியவர் ஏரலிலோ நாங்குநேரியிலோ உள்ள மற்றொரு செவிலியர். சமைப்பவளோ, மகளுக்கு இனிப்பும் நெய்யும் ஊட்டுவதைத் தன் கடமையாகக் கருதும் தாய். பிரசவத்திற்கு ஆறு வாரம் கழித்துச் செய்ய வேண்டிய மறுசோதனையின் நாளும் அவள் தாய்வீட்டில் உளுந்தங்களி உண்ணும் காலத்திலேயே வருகிறது. 2008 முதல் நடைமுறைக்கு வந்த பிக்மி கணினிப் பதிவு, கருவுற்ற ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் வழங்கி, இவ்விரு ஊர்ச் செவிலியரின் குறிப்புகளையும் ஒரே ஏட்டில் சேர்க்க முயல்கிறது.